சேஷாத்ரிபுரமா, சித்தையா ரோடா? பெங்களூரில் மாற்றுத்திறனாளிக்குச் சட்ட உதவி தேடும்போது

பெங்களூரில் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலையிலோ பள்ளியிலோ உரிமை மறுக்கப்பட்டால், அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "சேஷாத்ரிபுரம் போய் கமிஷனர்கிட்ட எழுதிக் குடுங்க." தப்பான யோசனை இல்லை. ஆனால் பலருக்கு அதுவே முதல் படியாகவும் கடைசிப் படியாகவும் ஆகிவிடுகிறது. உண்மையில் வழிகள் நாலு: சேஷாத்ரிபுரம் ரிசல்தார் தெருவில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம், சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் தலைமையகம் வைத்திருக்கும், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, உரிமை அமைப்புகள், சொந்தக் காசில் வக்கீல். என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆணையரை ஒதுக்கச் சொல்லவில்லை. இலவச வக்கீலைக் கையில் வைத்துக்கொண்டு ஆணையரிடம் போங்கள் என்கிறேன்.

சொந்த வக்கீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசும் நம்பகமான ஆளும் இருந்தால் நல்லதுதான். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. இன்னும் அதற்கு முந்தைய 1995 சட்டத்தின் பிரிவு எண்களைப் போட்டு மனு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆணையர் அலுவலகத்தின் பலம் எளிமை. கோர்ட் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். சாட்சியை அழைக்க, ஆவணத்தைக் கேட்டு வாங்க, சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் 2016 சட்டத்தின் பிரிவு 82-ன்படி ஆணையருக்கும் உண்டு. சான்றிதழ் தராமல் இழுப்பது, தேர்வுக்கு உதவி எழுத்தர் மறுப்பு, அலுவலகத்தில் சாய்தளம் இல்லாதது, பள்ளிச் சேர்க்கை மறுப்பு போன்றவற்றில், ஆணையரின் நோட்டீஸ் போனதுமே பாதி அலுவலகங்கள் தாமாகவே இறங்கி வந்துவிடும். அதுவரைக்கும் இதைவிட மலிவான வழி வேறில்லை.

எல்லைக் குழப்பம் ஒன்று உண்டு. ரயில்வே, எச்ஏஎல், பிஇஎல், தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் மாநில ஆணையரின் வரம்பில் வராது. அந்தப் புகார்கள் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். சேஷாத்ரிபுரத்தில் கொடுத்தால், இது எங்களுடையது இல்லை என்று ஒரு கடிதம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நம்ம மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம் என்பதால் அந்தப் புகாரை இருவருக்கும் அனுப்பி, அப்படி அனுப்பியதை மனுவிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

இனி, நான்கையும் எடைபோடும்போது நான் பார்க்கும் ஒரே கேள்விக்கு வருகிறேன். உத்தரவு வந்த மறுநாள் என்ன நடக்கும்?

ஆணையர் தருவது சட்டத்தின் மொழியில் பரிந்துரை. பிரிவு 81 சொல்வது இதுதான்: பரிந்துரை பெற்ற அலுவலகம் அதன்படி நடவடிக்கை எடுத்து, மூன்று மாதத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். ஏற்காமலே இருக்கலாம் என்ற கதவு அந்த வரியிலேயே திறந்திருக்கிறது. கோர்ட் தீர்ப்பைப் போல நிறைவேற்றும் மனு போட்டு ஜப்தி செய்ய முடியாது. இடைக்காலத் தடையும் கிடையாது. ஸ்டேட் பேங்க் ஆஃப் பாட்டியாலா வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தலைமை ஆணையர் ஒருவரது பணி ஓய்வை நிறுத்திவைத்துப் போட்ட உத்தரவு அவர் அதிகாரத்துக்கு மீறியது. அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், எதிர்த்தரப்பு வக்கீல் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பணியின்போது பார்வை போய்விடுகிறது. "பாடம் எடுக்க முடியாது, விருப்ப ஓய்வு கொடுத்துவிடுங்கள்" என்று மெமோ வருகிறது. பிரிவு 20(4) அவர் பக்கம் உறுதியாக நிற்கிறது. அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. அந்த வேலை சரிப்படாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் பொருத்தமான இடம் வரும்வரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆணையரிடம் போனால் நோட்டீஸ், பதில், மறுபதில், விசாரணை என்று படிப்படியாக நகரும். தலைமை ஆணையருக்கான மத்திய விதிகளிலேயே பதிலுக்கு 30 நாள், தேவைப்பட்டால் இன்னும் 15 நாள் என்று இருக்கிறது. அதற்குள் ஓய்வு உத்தரவே கையெழுத்தாகிவிடலாம். அவருக்கு இப்போது வேண்டியது தடை உத்தரவு. மாநில அரசு ஊழியர் என்பதால் அதைத் தரக்கூடியது கர்நாடக மாநில நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே உத்தரவு வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையரிடம் மனு நிலுவையில் இருப்பதால் அந்த ஒரு வருடம் நின்றுவிடும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நல்ல வழக்கு வைத்திருந்தவர்கள் காலக்கெடுவில் தோற்பது இப்படித்தான்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நான் முன்னால் வைப்பது இதனால்தான். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ம் பிரிவில் மாற்றுத்திறனாளிகள் தனி உட்பிரிவாகவே வருகிறார்கள். வருமான வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. கவுன்ட்டரில் பழக்கதோஷத்தில் வருமானச் சான்று கேட்பார்கள். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே "பிரிவு 12, உட்பிரிவு டி-யின் கீழ் மாற்றுத்திறனாளி என்ற தகுதியில் விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதி, யுடிஐடி எனும் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணைத்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வழக்கில் மேலோட்டமாகவாவது நியாயம் தெரிய வேண்டும். அது ஒன்றுதான் மற்ற நிபந்தனை.

கிடைப்பது வக்கீல் மட்டுமில்லை. கோர்ட் கட்டணம், மனு தயாரிப்பு, சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் அதில் அடக்கம். பலருக்குத் தெரியாத செய்தி இன்னொன்று: அந்தச் சட்டம் "கோர்ட்" என்று சொல்லும்போது தீர்ப்பாயங்களும் நீதிமன்றத் தன்மையுள்ள அதிகார அமைப்புகளும் அதில் சேரும். ஆகவே ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீல் ஆணையர் முன்னால் உங்களுக்காக வாதாடலாம், பரிந்துரை குப்பைக்குப் போனால் அதே கோப்போடு உயர் நீதிமன்றத்துக்கு, அரசு அலுவலகத்துக்கு உத்தரவிடக் கேட்கும் ரிட் மனுவும் போடலாம். நான்கு வழிகளில் மற்றவை ஏதோ ஓர் இடத்தில் முடிந்துவிடுகின்றன. இது மட்டும் கடைசிவரை கூட வருகிறது.

விண்ணப்பத்துக்கு அரைப் பக்கம் போதும். எதிர்த்தரப்பு யார், எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன வேண்டும், அடுத்த கெடு எப்போது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "காலக்கெடு இந்தத் தேதியில் முடிகிறது" என்று தடித்த எழுத்தில் மேலே போட்டால் கோப்பு நகரும். விண்ணப்பத்தின் மேல் 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது தேசிய ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறை. நேரில் போக முடியாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம், ஆன்லைனிலும் பதியலாம். எந்தக் குழுவில் கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ரிட் மனு என்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு, சிவில் கோர்ட் விவகாரம் என்றால் மாவட்ட ஆணைக்குழு. மாற்றிக் கொடுத்தால் தபால் பிரிவிலேயே வாரங்கள் போய்விடும்.

சைகை மொழி பெயர்ப்பாளர், பிரெய்ல் அல்லது பெரிய எழுத்து நகல், தரைத்தளத்தில் சந்திப்பு எது தேவையோ, அதையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 12(3) இதை ஆணைக்குழுவின் கடமையாகவே வைத்திருக்கிறது. வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். எழுத்தில் கேட்டால் மறுப்பையும் எழுத்தில் தர வேண்டியிருக்கும்.

குறை இல்லாமலா? பேனல் வக்கீல்களுக்குக் கிடைக்கும் சம்பளம் சொற்பம். அதனால் சிலர் வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறார்கள், சிலருக்கு இந்தச் சட்டமே புதிது. நல்லவர் அமைவது கொஞ்சம் அதிர்ஷ்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பில் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: தீர்ப்பாயத்திலோ ரிட்டிலோ பழக்கம் உண்டா, "நியாயமான வசதி" (அவரவர் குறைபாட்டுக்கு ஏற்ற மாற்றம் செய்து தருவது) பற்றிய விகாஷ் குமார் தீர்ப்பு தெரியுமா. கையால் எழுதுவதில் கோளாறுள்ள தேர்வரின் உதவி எழுத்தர் வழக்கு அது, 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அணுகல் வசதி பற்றிய வழக்கென்றால் 2024 நவம்பரில் வந்த ராஜீவ் ராதூரி தீர்ப்பு. இரண்டும் தெரியாவிட்டாலும் படித்துப் பார்க்கத் தயாராக இருப்பவர் என்றால் போதும். வாய்தாவுக்கு வாய்தா வாங்குகிறவர் என்றால் தேதிகளைப் பட்டியலிட்டு, வேறு வக்கீல் கேட்டு ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள். "டைப்பிங் செலவு" என்று யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டாம். அதையும் எழுதிக் கொடுங்கள்.

மனுவை யார் எழுதினாலும் கடைசிப் பத்தியை நீங்களே படித்துப் பாருங்கள். "எனக்குத் தக்க நீதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று முடிந்தால், வரும் உத்தரவும் "சட்டப்படி பரிசீலிக்கவும்" என்றுதான் இருக்கும், பரிசீலித்தோம் என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். அந்த ஆசிரியரின் மனு இப்படி முடிய வேண்டும்: "இன்ன தேதியிட்ட மெமோவை ரத்து செய்ய வேண்டும், பிரிவு 20(4)-ன்படி அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் 30 நாளுக்குள் தர வேண்டும், அதுவரை தற்போதைய சம்பளத்தை நிறுத்தக் கூடாது." இன்னார், இன்ன நாளுக்குள், இன்னதைச் செய்ய வேண்டும் என்று இருந்தால் நழுவ இடமில்லை.

அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. மனித உரிமைச் சட்ட வலையமைப்பான எச்ஆர்எல்என், பெங்களூரில் இயங்கும் சட்டம் மற்றும் கொள்கை ஆராய்ச்சி மையம் போன்றவை, ஒரு வழக்கால் பலருக்கு வழி பிறக்கும் என்றால் மிகத் திறமையாக நடத்துவார்கள். எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்ள அவர்களால் முடியாது. பென்ஷன் நின்றுபோனதற்கும் வீட்டு ஓனர் தகராறுக்கும் அவர்களை நம்பிக் காத்திருப்பது சரியில்லை. லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கும் ஏபிடி என்ற மாற்றுத்திறனாளிகள் தொண்டு நிறுவனம் போன்றவை சான்றிதழ், வேலை, உபகரணம் ஆகியவற்றில் கைகொடுக்கும். அங்கே போனால் எந்த அதிகாரியிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். வழக்குக்கு முந்தைய வேலைக்கு அது பெரிய உதவி.

இரண்டு சூழலில் மேலே சொன்ன வரிசை மாறும். அடி, பூட்டிவைத்தல், பாலியல் தொல்லை என்றால் முதலில் 112. பிறகு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 7-ன்படி நிர்வாக நடுவரிடம் பாதுகாப்புக்கு மனு, பிரிவு 92-ன் கீழ் வழக்கு. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. எஃப்ஐஆரில் 92 சேர்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். பொதுச் சட்டப் பிரிவுகளை மட்டும் போட்டு விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது, 18 வயது தாண்டிய மகனுக்கோ மகளுக்கோ காப்பாளர் நியமனம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்றால் கே.ஜி. ரோடு கந்தாய பவனில் உள்ள டிசி (மாவட்ட ஆட்சியர்) தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். வக்கீலே தேவைப்படாது. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மனநோய் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு 2017 மனநலச் சட்டத்தின் வழி தனி.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு: அங்கே எடுத்த சான்று இங்கே செல்லாது என்று கவுன்ட்டரில் சொன்னால் 2016 சட்டத்தின் பிரிவு 58(3)-ஐக் காட்டுங்கள், நாடு முழுக்கச் செல்லும் என்று அதில் இருக்கிறது. கர்நாடக அரசின் பென்ஷனுக்கு வசிப்பிடச் சான்று கேட்பது வேறு விஷயம். பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் யுடிஐடி வாங்கிவிட்டு வருவது மேல். மனு ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் ஆணையர் அலுவலகத்தில் ஒரு பக்கக் கன்னடச் சுருக்கம் இணைத்தால் கோப்பைக் கையாள்கிறவருக்குச் சுலபம். நகலில் இன்வர்ட் நம்பரும் (வரவுப் பதிவு எண்) சீலும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பரிந்துரை வந்து மூன்று மாதம் ஆகியும் எதுவும் நடக்காவிட்டால், 91-ம் நாள் அந்த அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள். கர்நாடக விதிகளில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள் என்ற கட்டுப்பாடு உண்டு, மீறினால் திருப்பிவிடுவார்கள். ஆகவே இதை மட்டும் கேளுங்கள்: இன்ன தேதியிட்ட பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகலும், ஏற்காததற்குப் பிரிவு 81-ன்படி ஆணையருக்கு அனுப்பிய கடித நகலும். 30 நாளில் வரும் பதில் எதுவானாலும், அதுதான் ரிட் மனுவில் உங்கள் வக்கீல் வைக்கப் போகும் முதல் இணைப்பு.