பாசிக்குடாவா, அறுகம்குடாவா: கிழக்கின் சுற்றுலாத் தொழிலில் இரு வழிகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றரில் பாசிக்குடா உள்ளது. தெற்கே, அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலை ஒட்டி அறுகம்குடா உள்ளது. இரண்டும் கடலை நம்பிப் பிழைப்பவையே எனினும், அவை உருவாக்கும் தொழிலாளர் ஒரே வகையினர் அல்லர்.

2009இல் போர் முடிந்த பின் பாசிக்குடாவில் எழுந்தவை பெரும்பாலும் வெளியூர் முதலீட்டில் அமைந்த பெரிய ஹோட்டல்கள். அவற்றில் நிரந்தரமாகச் சேரும் ஒருவருக்கு நியமனக் கடிதம் கிடைக்கிறது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். விருந்தினரின் பற்றுச்சீட்டில் சேரும் 10 வீதச் சேவைக் கட்டணத்திலும் பங்கு உண்டு. ஆயினும் வரவேற்புப் பிரிவு ஆங்கிலமும் சிங்களமும் கேட்பதால், தமிழ்மொழி மூலம் படித்த, அயலூர்களான கல்குடா, வாழைச்சேனைப் பிள்ளைகள் பலர் சமையலறையிலும் அறை துப்புரவிலுமே தேங்கிவிடுகிறார்கள். இது திறமைக் குறைவன்று, மொழிக் குறைவு. பயிற்சி நிலையங்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் இதையே.

அறுகம்குடாவில் நிலைமை வேறு. அலைச்சறுக்குக்காக வெளிநாட்டவர் பல தசாப்தங்களாக வந்துபோகும் அவ்வூரில் சிறு விடுதி, கபானா எனும் கடற்கரைக் குடில், உணவுக்கடை, ஓட்டோ எனக் குடும்பத் தொழில்களே மிகுதி. ஒரே இளைஞன் காலையில் அலைச்சறுக்குக் கற்பித்து, மாலையில் கணக்கும் பார்க்கிறான். வருமானத்தின் பெரும்பகுதி ஊரிலேயே சுழல்கிறது. ஆனால் சேமலாப நிதி இல்லை, கையில் சான்றிதழும் இல்லை. வேலைவழிக் கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருந்தும், அதை நாடுவோர் குறைவு என்றே எனக்குப் படுகிறது. மாலைதீவுக்கோ வளைகுடாவுக்கோ போக நினைப்பவருக்கு அந்தத் தாள் இல்லாதது பெரும் இழப்பு.

ஆகவே, முன்னனுபவமில்லாத இருபது வயதுக்காரருக்குப் பாசிக்குடாவையே பரிந்துரைப்பேன். பிரதேசத்தின் பொருளாதாரத்துக்கு எது நல்லது என்று கேட்டால், தயங்காமல் அறுகம்குடா என்பேன்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், பருவம் தொடங்கும் வேளையிலேயே இரு கரைகளையும் வெறிச்சோடச் செய்தன. வழமையான ஆண்டிலும் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வருவோர் குறைந்துவிடுகிறார்கள். பாசிக்குடாவில் நிரந்தர ஊழியருக்கு அப்போதும் அடிப்படைச் சம்பளம் வருகிறது. சேவைக் கட்டணப் பங்குதான் சுருங்குகிறது. அறுகம்குடாவில் சுற்றுலா வருமானமே நின்றுபோகும், ஆனால் அது பெரும்போக வேளாண்மைக் காலம். பொத்துவில் பக்கம் வயல் உள்ள குடும்பம் விதைப்புக்கு இறங்கி, மாசி, பங்குனியில் அறுவடையை முடித்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு விடுதிக்கு வெள்ளையடிக்கத் திரும்பிவிடும். வயலில்லாத குடும்பத்துக்கு அந்த மாதங்கள் கடன் மாதங்கள்.