கடலோர வீட்டில் எல்.இ.டி. ஸ்ட்ரிப்: பல ஆண்டுப் பாவனையின் பின்

எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்கப் போகிறவருக்குக் கடையில் முதலில் காட்டப்படுவது அதன் வெளிச்சம். திருகோணமலையில், அதுவும் எங்களைப் போல உப்புவெளிப் பக்கம் கடலை அண்டிக் குடியிருப்பவர்கள், வெளிச்சத்தைக் கடைசியாகப் பார்த்தாற் போதும். உப்புக்காற்று அதனுள் எவ்வழியாகப் புகும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பல வகை ஸ்ட்ரிப்களை வீட்டின் வெவ்வேறு இடங்களில் பல ஆண்டுகள் எரியவிட்ட பின் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

விறாந்தைக் கூரையின் உள்விளிம்பில் முதலில் இருந்தது மேற்பூச்சு எதுவுமில்லாத, ஐபி20 தரத்திலான 12 வோல்ற் ஸ்ட்ரிப். ஐபி என்பது தூசும் நீரும் உள்ளே புகாமல் காக்கும் தரத்தைச் சொல்லும் எண்; 20 என்றால் நீருக்குக் காப்பே இல்லை. மழை நேரே படாத இடம். ஆயினும் மாரி கழிந்ததும் விளக்குகள் மும்மூன்றாக அணையத் தொடங்கின. இவ்வகையில் பெரும்பாலும் மூன்று எல்.இ.டி.களும் ஒரு தடையியும் தொடராக இணைந்தே ஒரு துண்டாக அமைவதால், ஓரிடத்தில் தொடர்பு அறுந்தால் மூன்றும் சேர்ந்தே அணையும். கழற்றிப் பார்த்தபோது எல்.இ.டி.களில் குறையொன்றும் இல்லை. வெட்டுவதற்குக் குறியிட்ட செப்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு பிடித்து, பற்றாசு வைத்த வயர் விரல் பட்டதும் கையோடு வந்தது.

இப்போது அங்கே எரிவது சிலிக்கன் குழாயினுள் அடைத்த ஐபி67. ஐபி65 நீர்த்தாரையைத் தாங்கும். ஐபி67 ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் இடத்துக்கேற்ப வெட்டிய கணமே அந்த முனையில் அந்தத் தரம் இல்லாமற்போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெட்டிய முனைக்கு மூடியிட்டு, நடுநிலை வகைச் சிலிக்கனால் அடைக்க வேண்டும். வினாகிரி மணம் வீசும் சாதாரண சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுவதால் செம்பை அதுவே அரித்துவிடும்.

குசினியில் மேசைத்தட்டுக்கு மேலே 24 வோல்ற் சி.ஓ.பி. ஸ்ட்ரிப் போட்டிருக்கிறோம். இதில் நுண்ணிய சில்லுகள் நெருக்கமாக அமைந்து ஒரே பொஸ்பர்ப் பூச்சின் கீழ் இருப்பதால், பளபளக்கும் கிரனைற்றில் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாகப் பிரதிபலிக்கிறது. மீன் வெட்டும் இடமாதலால் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு 90க்கு மேற்பட்டதாகவும், ஒளியின் நிறம் நடுநிலை வெள்ளையான 4000 கெல்வின் ஆகவும் தேர்ந்தோம். மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா, மங்கிவிட்டதா என்பதை அம்மா இரவிலும் அதன் கீழேயே பார்த்துச் சொல்லிவிடுகிறார். சாமி அறைக்கு மஞ்சள் சாயலான 2700 கெல்வின் போதும். அதைவிட வெள்ளையான ஒளி குத்துவிளக்கின் சுடரோடு ஒட்டாது.

24 வோல்ற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மீற்றருக்கு 14.4 வாற் வீதம் ஐந்து மீற்றர் ஸ்ட்ரிப் 72 வாற் எடுக்கும். அதற்கு 12 வோல்ற்றில் 6 அம்பியர் ஓட வேண்டும். 24 வோல்ற்றில் 3 அம்பியர் போதும். மின்னோட்டம் பாதியாவதால் செப்பில் ஏற்படும் வோல்ற்றளவு இழப்பும் பாதியாகி, கடைக்கோடி மங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைகிறது.

நேரடியாக 230 வோல்ற்றில் எரியும் ஸ்ட்ரிப்பை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பல மலிவு வகைகளில் ஒளி வினாடிக்கு 100 தடவை துடிக்கும். அதைவிட, ஈரம் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

சூடும் உப்பைப் போலவே எதிரிதான். பின்புறப் பசையை நம்பிச் சுவரில் ஒட்டிய துண்டுகள், கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் தாமாகவே கழன்று தொங்கின. அலுமினியம் சனலில், அதாவது ஸ்ட்ரிப் பதியும் நீளப் பள்ளச் சட்டத்தில், பதித்தவை அசையவில்லை, சூட்டையும் அதுவே இழுத்துக்கொள்கிறது. வீட்டு மின்சாரத்தை 24 வோல்ற்றாகக் குறைத்துத் தரும் பவர் சப்ளையை 72 வாற்றுக்கு 100 வாற் என்ற கணக்கில் சற்றுப் பெரிதாக எடுத்து, மூடிய சீலிங்குக்குள் தள்ளாமல், காற்றோட்டமும் கை எட்டும் வசதியும் உள்ள அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஸ்ட்ரிப்பின் நீளத்தைக் குறைக்கலாம். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.