எஸ்னா முதல் அஸ்வான் வரை தஹபியா பயணம்: கல்வெட்டாங்குழிக்காகவே போகலாம்

எகிப்தில், நைல் நதியில் எஸ்னாவிலிருந்து அஸ்வான் வரை நான்கு இரவு, இரண்டு பாய் கட்டிய தஹபியா படகில் போனேன். பெரிய கப்பல்கள் பொதுவாக ஜெபல் எல்-சில்சிலா என்ற பழங்காலக் கல்வெட்டாங்குழியைத் தாண்டிப் போய்விடும். சிறிய படகு அங்கே கரை ஒதுங்கும். அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். என் அப்பா கல்தச்சர். எந்தக் கல்லைப் பார்த்தாலும் உளி எந்தப் பக்கமிருந்து ஓடியது என்று தேடும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

முதலில் எட்ஃபு. ஹோரஸ் என்ற எகிப்தியக் கடவுளின் கோயிலைக் கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடித்தார்கள். 36 மீட்டர் முகப்புக் கோபுரத்தில் தொடங்கி உள்ளே கருவறை வரை, கூரையோடு முழுசாக நிற்கிறது. கூட்டம் சேருவதற்கு முன் ரயிஸ் (படகின் தலைவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் சில்சிலா. இரண்டு மணற்கல் குன்றுகளுக்கு நடுவே நைல் ஒடுங்கி ஓடுகிறது. கர்னாக் கோயிலின் பெருந்தூண்களுக்கும், முந்தின நாள் பார்த்த எட்ஃபுவுக்கும் கல் போனது இங்கிருந்துதான். அதே தேன் நிறம். வெட்டின பாறை செங்குத்தாகச் சுவர் மாதிரி எழும்பி நிற்க, அதன்மேல் சாய்வான உளிக்கோடுகள் வரிவரியாக இறங்குகின்றன. ஒரு மட்டத்தில் கோடுகளின் சாய்வு சட்டென்று திசை மாறுகிறது. அங்கே ஒரு அடுக்கை எடுத்து முடித்து, அடுத்ததற்கு இறங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. தேவையான கல்லைச் சுற்றி நாலு பக்கமும் வாய்க்கால் போலக் குடைந்து, பிறகு அடியில் பெயர்த்திருக்கிறார்கள். எடுக்காமல் விட்ட கற்கள் அப்படியே கிடக்கின்றன. மேற்குக் கரையில் ஹோரெம்ஹெப் என்ற பாரோ மன்னரின் குகைக்கோயிலும் உண்டு, பாருங்கள். ஆனால் எனக்குக் கால் நகராதது அந்த வெட்டுச் சுவருக்கு முன்னால்தான். வழிகாட்டி ஒரு தடவைகூட நேரமாச்சு என்று சொல்லவில்லை.

சாப்பாடு எளிமை, சுவை. காலையில் ஃபூலும் (வேகவைத்த அவரைப் பருப்பு) தாமியாவும் (அதே பருப்பில் சுட்ட வடை) சுடச்சுட வந்தன. காற்று விழுந்த நாளில் இழுவைப் படகு கட்டி இழுத்தார்கள், அந்தச் சத்தம் கொஞ்சம் தொந்தரவு. கழிப்பறைக்கும் காவலர்களுக்கும் கொடுக்கப் பத்து, இருபது பவுண்டு நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

என் குறை அஸ்வானில். முடிக்காத தூபிக்கு (ஒரே கல்லில் வெட்டும் நெடுந்தூண், ஒபிலிஸ்க்) இருபதே நிமிடம், அதுவும் உச்சி வெயிலில். அப்புறம் பாப்பிரஸ் (நாணல் தாள்) கடையில் ஒரு மணி நேரம்! அந்தத் தூபி சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை, பாறையில் விரிசல் கண்டதால் கைவிட்டது. இது மணற்கல் இல்லை, கருங்கல் இனம். இங்கே உளிக்கோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. பக்கத்துப் பள்ளங்களில் கரண்டியால் வழித்த மாதிரி வட்டவட்டக் குழிகள். டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே கல்லைப் பொடியாக்கி இறங்கியிருக்கிறார்கள். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் கை வீச இடம் இருக்காது. அதை நின்று பார்க்க விடவில்லை என்பதுதான் வருத்தம்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். முன்பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சில்சிலாவில் அரை நாள், தூபிக்குக் காலை நேரத்தில் ஒரு மணி. கடை வேண்டாம் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.