செஸ்னா 172: பெங்களூரு வெயிலுக்குத் தாங்குமா?

பெங்களூரின் ஜக்கூர் விமானதளத்தில் சில வருடங்களாக நான் ஓட்டுவது செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம். செஸ்னா 172 குடும்பமே 1956-இல் விற்பனைக்கு வந்து, எல்லா வகையும் சேர்த்து இதுவரை 44,000-க்கும் மேல் தயாரானது. ஆகவே நல்ல விமானமா என்று கேட்கவே வேண்டாம். நம் ஊருக்கு எப்படி என்பதுதான் விஷயம்.

ஜக்கூர் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மத்தியானம் 34 டிகிரி வெயில் அடித்தால், காற்றின் அடர்த்தி 6,000 அடி உயரத்தில் இருக்கவேண்டிய அளவுக்கு இறங்கிவிடும். மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத லைக்கமிங் கம்பெனி இன்ஜின். காகிதத்தில் 180 குதிரைத்திறன், அந்த நேரத்தில் 150 வந்தாலே பெரிது. சக்கரம் தரையை விட மனமில்லாமல் ஓடும். ஏறின பிறகும் ஏற்றம் மந்தம்தான்.

நாலு சீட் இருக்கிறதே என்று நாலு பேரை ஏற்றிவிட முடியாது. சுமக்கக்கூடியது சுமார் 400 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் அதிலேயே 145 கிலோ போய்விடும். அல்சூர் மாமா, "அத்தையும் பசங்களும் வராங்கப்பா" என்றால், "காலையில ஏழு மணிக்கு வாங்க மாமா, ரெண்டு ரவுண்டா போகலாம்" என்பேன்.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் நந்தி மலையும் ஏரிகளும் தடையில்லாமல் தெரியும், நிழலும் உண்டு. ஆனால் இறங்குவதற்காகத் திரும்பும்போது, பார்க்கவேண்டிய ஓடுபாதையை அதே இறக்கை மறைத்துவிடும். இங்கேயே என்.ஏ.எல். ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா விமானத்தில் இறக்கை கீழே. அந்தத் தொல்லை இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் நெற்றியை இடித்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டால் ஹார்ன் என்ற எச்சரிக்கை ஊதல். ஒயரும் கிடையாது, கரண்டும் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை. வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்தப்போகும் நேரத்தில் அது காற்றை உறிஞ்ச, உள்ளே ஒரு நாக்கு ஹார்மோனியம் போல ஊதும். சோதிக்க, துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சவேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எரிச்சல் ஒன்று உண்டு. வெயிலில் அணைத்துவிட்டு டீ குடித்து வந்தால், சூட்டில் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், இன்ஜின் லேசில் பிடிக்காது. பேட்டரியைப் போட்டு வதைக்காமல் முறைப்படி ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டீயை வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.