எலிக்குன்னு வாங்கினதுல எது நின்னுச்சு, எது பரணுக்குப் போச்சு: பல வருஷ அனுபவம்

வீட்டுக்குள்ள சுண்டெலி, தோட்டத்துல வோல்ங்கிற குட்டை வால் எலி, இந்த ரெண்டோடயும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி கடையில விக்கிற கிட்டத்தட்ட எல்லா ஐட்டமும் வாங்கிப் பார்த்தாச்சு. அதுல இன்னைக்கும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கிறது ரெண்டே ரெண்டுதான், மரக்கட்டையில ஸ்பிரிங் வச்ச அந்தப் பழைய எலிப்பொறி, அப்புறம் ஒரு சுருள் கம்பி வலை. மத்ததெல்லாம் பரண்ல, இல்லன்னா குப்பையில. பொட்டியப் பிரிச்ச ஒரு வாரத்துல "சூப்பர், அஞ்சு ஸ்டார்"னு ரிவ்யூ போடுறவங்கள நான் குறை சொல்லல, ஆனா எலி விஷயத்துல முதல் வாரம் எதை வச்சாலும் வேலை செய்யுற மாதிரிதான் தெரியும், ரெண்டு மூணு குளிர்காலம் தாண்டினாத்தான் எது நிக்குதுன்னு புரியும்.

முதல்ல வந்திருக்கிறது யாருன்னு பாருங்க, ஏன்னா ஆளைப் பொறுத்துதான் ஆயுதம். சுண்டெலின்னா வால் நீளம், காது பெருசு, புழுக்கை அரிசி மாதிரி பொடிசா ரெண்டு முனையும் கூர்மையா இருக்கும், ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல போட்டுட்டுப் போகும் அதனால கண்ல படாம இருக்காது. பெரிய எலியோட புழுக்கை அதை விட ரொம்பப் பெருசு, அதுக்கு வேற சைஸ் பொறி வேற பொறுமை. வோல் பார்க்க சுண்டெலி மாதிரி இருந்தாலும் வால் குட்டை, காது ரோமத்துக்குள்ள முங்கிக் கிடக்கும், மூஞ்சி மழுங்கி உருண்டையா இருக்கும், வீட்டுக்குள்ள அனேகமா வராது, வேரும் புல்லும் மரப்பட்டையும்தான் அதோட சாப்பாடு. இது குளிர் நாடுகள்லதான் அதிகம், சூடான ஊர்ல தோட்டத்துல வளை தோண்டுறது பெரும்பாலும் வயல் எலி இல்லன்னா பெருச்சாளி, அதுக்கு நான் கீழ சொல்ற தோட்டத்து விஷயம் பாதிதான் பொருந்தும். அதே குளிர் நாட்டுத் தோட்டத்துல மண்ணைக் குவியல் குவியலா எரிமலை கணக்கா தள்ளி வச்சிருந்தா அது மோல், அது புழு பூச்சி தின்னுற வேற ஜாதி, அதுக்குப் போய் எலிப்பொறி வச்சு பிரயோஜனமே இல்ல.

இப்போ கட்டைப் பொறிக்கு வரேன். 1894ல அமெரிக்காவுல வில்லியம் ஹூக்கர்ங்கிறவர் பேட்டன்ட் வாங்கின டிசைன், இன்னும் பெருசா மாறல, மாத்தவும் தேவைப்படல. இதை ஒண்ணே ஒண்ணு வாங்கி அடுப்படி நடுவுல வச்சுட்டு "விழவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. சுண்டெலி நடுத்தரையில ஓடாது, சுவத்த ஒட்டித்தான் போகும், மீசை சுவத்துல உரசிக்கிட்டே இருக்கணும் அதுக்கு. அதனால பொறியைச் சுவத்துக்குக் குறுக்க, இரை இருக்கிற முனை சுவத்தைத் தொடுற மாதிரி வைக்கணும். அதுவும் தள்ளித் தள்ளி இல்ல, அது கூட்டுல இருந்து சில மீட்டர் தூரத்துக்குள்ளயே சுத்துற பிராணி, ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு நெருக்கமா ஒரே ராத்திரியில நிறைய வச்சுடணும். ஒண்ணு ஒண்ணா வச்சு ஒண்ணு ஒண்ணா பிடிச்சா அது குட்டி போடுற வேகத்துக்கு நம்மால ஈடு கொடுக்க முடியாது, மூணு வாரம்தான் கர்ப்பம், ஒரு ஈத்துல அஞ்சாறு, அந்தக் குட்டிங்க ஒன்றரை ரெண்டு மாசத்துல தானே குட்டி போட ரெடி.

இரை விஷயத்துல எல்லாரும் சீஸ் சீஸ்னு படத்துல பார்த்துட்டுச் சொல்றாங்க, நடைமுறையில பீனட் பட்டர் பட்டாணி அளவுக்குத் தடவினா போதும், அதிகமா வச்சா நக்கிட்டுப் போயிடும் பொறி விழாது. குளிர்காலம் தொடங்குற சமயத்துல சாப்பாட்டை விட பஞ்சும் நூலும்தான் நல்லா இழுக்குது, கூடு கட்ட அதைப் பிய்க்க வரும், விசையில இறுக்கமா கட்டிட்டீங்கன்னா இழுக்கிற இழுவையில பொறி தானா விழுந்துடும். இன்னொண்ணு, சுண்டெலிக்குப் புதுசு எதைப் பார்த்தாலும் ஒரு ஆர்வம், போய் மோந்து பார்க்கும், அதனால முதல் ராத்திரியே மாட்டும். பெரிய எலி அப்படி இல்ல, புதுப் பொருள்னாலே பயம், அதுக்கு நாலஞ்சு நாள் பொறியை விசை ஏத்தாம இரை மட்டும் வச்சுப் பழக்கிட்டு அப்புறம் ஏத்தணும். பிளாஸ்டிக்ல கிளிப் மாதிரி வர்ற மாடலும் யூஸ் பண்ணினேன், விரல் அடிபடாம ஏத்தலாம் கழுவலாம் அது வசதிதான், ஆனா ரெண்டாவது சீசன்ல ஸ்பிரிங் தளர்ந்து பாதி உயிரோட மாட்டிக்கிட்டுத் துடிக்குது, பார்க்க சகிக்கல. கட்டையோடதுல அடி பிசகாது.

பேட்டரி போட்டு ஷாக் குடுக்கிற பொட்டி ஒண்ணு இருக்கு. குறை சொல்ல மாட்டேன், சத்தமில்லாம சட்டுனு முடிஞ்சுடும், செத்ததைப் பார்க்காம கவுத்துடலாம். உள்ள இருக்கிற தகடுல அழுக்குப் படிஞ்சா மட்டும் சரியா அடிக்காது, ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், ஈரமான இடத்துல வைக்கவே கூடாது. வாங்குற காசுக்கு எத்தனை கட்டைப் பொறி வரும்னு யோசிச்சா மனசு ஒப்பல, அவ்வளவுதான்.

பசை அட்டையைப் பத்தி ஒரே வரி: வாங்காதீங்க. எலி சாகாம மணிக்கணக்கா கத்தும், அதை என்ன பண்றதுன்னு தெரியாம நாம நிக்கணும், பல்லியும் குருவியும் சேர்ந்து ஒட்டும், தூசி படிஞ்சா பசையும் போச்சு. இங்கிலாந்துல 2024 ஜூலை கடைசியில இருந்து லைசன்ஸ் இல்லாம இதை வைக்கிறதே குற்றம்.

நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும்னு விக்கிற, சுவத்துல பிளக் பண்ணுற அல்ட்ராசோனிக் மிஷின். அய்யோ. ஊருக்குள்ள விக்கிற வேகம் பார்த்தா எலியே இருக்கக் கூடாது. அந்தச் சத்தம் சுவரைத் தாண்டாது, சோபா பீரோ பின்னாடி கூட போகாது, போற இடத்துலயும் எலி சில நாள்ல பழகிடுது. எங்க வீட்டுல மிஷின் மாட்டின பிளக்குக்கு நேர் கீழயே புழுக்கை கிடந்துச்சு, இதுக்கு மேல என்ன ரிவ்யூ வேணும். 2001லயே அமெரிக்காவோட வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு எஃப்.டி.சி. இதைத் தயாரிக்கிற, விக்கிற அறுபதுக்கும் மேல கம்பெனிகளுக்கு ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை லெட்டர் போட்டிருக்கு, இன்னும் வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. புதினா எண்ணெய், அந்துருண்டை இதெல்லாமும் இதே கதைதான், வாசனை இருக்கிற வரைக்கும் எலி ஒரு அடி தள்ளிப் போகும். அந்துருண்டையை இதுக்குப் போடுறது நமக்குத்தான் கெடுதல், அந்த ஆவியை மூச்சுல இழுக்கிறது நாம.

மருந்துதான் கொஞ்சம் நிதானமா பேச வேண்டியது, ஏன்னா வேலை செய்யும், அதுலதான் ஆபத்தும். நீலம் பச்சைன்னு கட்டியா விக்கிறதுல முக்கால்வாசி ரத்தம் உறைய விடாம பண்ணுற ஜாதி. வார்ஃபரின்னு ஒண்ணு 1948ல எலி மருந்தா வந்துச்சு, பத்தே வருஷத்துல, 1958ல ஸ்காட்லாந்துல அதுக்கு மசியாத எலி வந்துடுச்சு, அதுக்கப்புறம்தான் புரோமடியோலோன், புரோடிஃபேக்கம்னு அதை விடக் கடுமையானதெல்லாம் வந்தது. தின்ன உடனே சாகாது, சில நாள் ஆகும், அந்தச் சில நாள்ல அது எங்க வேணா போய்ப் படுத்துக்கும், சுவத்துக்குள்ள செத்தா வீச்சம் வாரக்கணக்குல, எங்க இருந்து வருதுன்னே தெரியாது, சுவத்தை உடைக்கிறதா பொறுத்துக்கிறதான்னு வீட்டுல பஞ்சாயத்து. வெளிய போய்ச் செத்தா ஆந்தை தின்னும், பூனை தின்னும், அந்த விஷம் அதுங்க ஈரல்ல போய்த் தங்கும். ஆந்தை செத்தா அடுத்த வருஷம் எலி யாரு பிடிப்பா? நாய், குழந்தை தின்னுட்டா இந்த ஜாதிக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கையோட அந்த மருந்து டப்பாவையும் எடுத்துட்டுப் போகணும், ஏன்னா புரோமெத்தலின், ஜிங்க் பாஸ்பைடு மாதிரி மாற்று மருந்தே இல்லாததும் விக்குது, டாக்டருக்கு எதுன்னு தெரியணும். வேற வழியில்ல வைக்கத்தான் வேணும்னா பூட்டுப் போடுற, எலி மட்டும் நுழையுற பெய்ட் ஸ்டேஷன் பொட்டிக்குள்ள வச்சு வீட்டுக்கு வெளிய வைங்க. நான் விட்டுட்டேன், திரும்ப வாங்க மாட்டேன்.

உயிரோட பிடிக்கிற கூண்டு மனசுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலையில சாயங்காலம்னு பார்த்துக்கிட்டே இருக்கணும், மறந்தா உள்ளயே பயத்துலயும் தாகத்துலயும் செத்துடும். பக்கத்துல விட்டா திரும்பி வந்துடும், தூரமா கொண்டு போய் விட்டா தெரியாத இடத்துல பொழைக்கிறது கஷ்டம், சில ஊர்ல அப்படிக் கொண்டு போய் விடுறதே சட்டப்படி கூடாது.

பூனை? இஷ்டப்பட்டா பிடிக்கும்.

இனி நிஜமா எலியை நிறுத்தினது எதுன்னா, ஓட்டை அடைச்சது. பொறி இருக்கிற எலியைக் குறைக்கும், வர்ற எலியைக் குறைக்காது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைஞ்சா எலியும் நுழையும்னு வச்சுக்கோங்க, அந்தக் கணக்குல வீட்டைச் சுத்தி வந்தா தலை சுத்தும். சிங்க் அடியில பைப் போற ஓட்டை, அடுப்புக்குப் பின்னாடி கேஸ் லைன், ஏசி பைப் வெளிய போற இடம், கதவு அடி, சுவரும் கூரையும் சேருற மூலை. பகல்ல உள்ள லைட்டை அணைச்சுட்டு எங்க வெளிச்சம் வருதுன்னு பார்த்தா பாதி ஓட்டை கிடைச்சுடும். மீதிக்குச் சந்தேகப்பட்ட இடத்துல மாவோ டால்கம் பவுடரோ மெல்லிசா தூவிட்டா காலையில காலடித் தடம் எங்க இருந்து வருது எங்க போகுதுன்னு காட்டிக் குடுத்துடும், இதை விடச் சிறந்த துப்பறியும் வேலை கிடையாது. அடைக்கிறதுக்கு ஃபோம் ஸ்ப்ரே மட்டும் அடிச்சா வேஸ்ட், கொறிச்சுட்டு வந்துடும். ஸ்டீல் உல்லை, அதாவது மெல்லிசான இரும்பு நாரை, இறுக்கித் திணிச்சு மேல சீலன்ட் பூசணும், சாதா ஸ்டீல் உல் ஈரத்துல துருப்பிடிச்சு உதிர்ந்துடும், ஸ்டெயின்லெஸ் இல்லன்னா காப்பர் வலையா வாங்குங்க. பெரிய ஓட்டைக்குக் கம்பி வலையை வெட்டி ஸ்க்ரூ அடிச்சு மேல சிமென்ட். கதவு அடிக்கு ரப்பர் பட்டை போட்டேன் கொறிச்சுடுச்சு, மெட்டல் பட்டை வச்சதுதான் நிக்குது. உள்ள இருக்கிறதைப் பொறி வச்சு காலி பண்ணிக்கிட்டே அடைங்க, மொத்தமா அடைச்சுட்டு உள்ள நாலு மாட்டிக்கிட்டா அது வேற தலைவலி.

க்ளீன் பண்ணும்போது மட்டும் புழுக்கையைக் காய்ஞ்ச நிலையில விளக்குமாறு போட்டுப் பெருக்காதீங்க, வேக்குவமும் வேண்டாம், தூசியா கிளம்பி மூச்சுல போகும், ஹன்டா வைரஸ் அப்படித்தான் தொத்துது. கிளவுஸ் போட்டு, ஜன்னலைத் திறந்து வச்சு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனையத் தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டு பேப்பர் டவலால எடுத்துக் கட்டிப் போடுங்க.

சரி, தோட்டம். வோல் இருக்கான்னு பார்க்க ரொம்ப மெனக்கெட வேணாம், புல்லுக்குள்ள மூணு நாலு சென்டிமீட்டர் அகலத்துல குட்டி ரோடு போட்டு வச்சிருக்கும், அங்கங்க சுத்தமான வட்ட ஓட்டை, வாசல்ல மண் குவியல் இருக்காது. பனி உருகினதும் அந்த ரோடு மேப் மாதிரி தெரியும். பழைய ரோடா இப்பவும் ஓடுதான்னு பார்க்க ஆப்பிள் துண்டை ரோட்டுல வச்சு அடுத்த நாள் பாருங்க, கடிச்சிருந்தா ஆள் இருக்கு. இது பண்ணுற அநியாயம் குளிர்காலத்துலதான், பனிக்கு அடியில உட்கார்ந்துகிட்டு இளமரத்தோட அடிப்பட்டையைச் சுத்திக் கொறிச்சுடும், ஒரு முழு வட்டம் உரிஞ்சுட்டா மேல இருந்து வேருக்குச் சத்து இறங்காது, மரம் அடுத்த வருஷம் இலை விட்டுட்டுக் கூட அப்புறமா காஞ்சுடும். ஏன் காயுதுன்னு உரம் போட்டுக்கிட்டு இருப்போம் நாம.

இதுக்குக் கம்பி வலைதான். கால் அங்குலக் கண்ணு வலையை உருளையா சுத்தி, மரம் பருக்க இடம் விட்டு, மண்ணுக்குள்ள ஒரு சாண் இறக்கி, மேல முக்கால் முழத்துக்குக் கொறையாம நிக்கிற மாதிரி, பனி கொட்டுற இடம்னா பனி ஏறுற உயரத்துக்கும் மேல. மரத்தைச் சுத்திப் போடுற பிளாஸ்டிக் சுருள் காப்பும் போட்டுப் பார்த்தேன், அதுக்கு அடியில நோண்டிட்டு உள்ள போய் குளிர் படாம சௌகரியமா உட்கார்ந்து தின்னுச்சு. கூடவே மரத்தடியில மல்ச், அதாவது மண்ணை மூடப் போடுற இலை தழை, குவிக்கிறதை நிறுத்தி, அடியைச் சுத்தி வெறும் மண்ணா விட்டு, புல்லைக் குளிருக்கு முன்னாடி கட்டையா வெட்டிட்டேன். மறைவு இல்லாத வெட்டவெளியில ஓட வோலுக்குப் பயம், ஆந்தையும் பருந்தும் பார்க்கும்ல. எனக்குத் தெரிஞ்சு தோட்டத்துல இதுக்கு ஈடான வேலை எந்தப் பொறியும் பண்ணல. பொறி வைக்கணும்னா அதே கட்டைப் பொறிதான், ரோட்டுக்குக் குறுக்க, தரை மட்டத்துக்குப் பதிச்சு, மேல கவுத்த பொட்டி மூடி, இல்லன்னா குருவி மாட்டும்.

ஒரு வருஷம் திடீர்னு கூட்டமா வந்து அடுத்த வருஷம் காணாமப் போனா நீங்க தெளிச்ச ஏதோ ஒண்ணு வேலை செஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, வோல் கூட்டம் பல இடத்துல மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். விளக்கெண்ணெய் துகள் தூவினதுக்கு எனக்கு அப்படித்தான் பேர் கிடைச்சுது, அக்கம்பக்கத்துல எல்லாரும் வாங்கினாங்க, ஏறுற வருஷம் வந்தப்போ தூவின இடத்துலயே ரோடு போட்டுச்சு. கிழங்கு வகைப் பூச்செடிக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கு, டாஃபடில் கிழங்கை அது தொடாது, விஷம். டூலிப் வேணும்னு அடம் பிடிச்சா கம்பி வலையில கூடை பண்ணி அதுக்குள்ள நடுங்க, மேல் பக்கத்தையும் மூடி.