ஆபீஸ் நட்புக்கு எது நல்லது: மதியச் சாப்பாடா, மாலைச் சந்திப்பா?

புது ஆபீஸில் சேர்ந்த பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

நேரம்: அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வுப்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் வேலை பார்த்த நேரம் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. தினம் அரை மணி சேர்ந்து சாப்பிட்டால் வாரம் இரண்டரை மணி. 20 வாரத்தில் 50 வந்துவிடும். மாதம் இருமுறை மூன்று மூன்று மணி வெளியே போனால் எட்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

செலவு: டிபன் பாக்ஸுக்குத் தனிச் செலவில்லை. வெளியே போனால் பில்லைச் சமமாகப் பிரிக்கும்போது சம்பளம் குறைந்தவருக்குச் சங்கடம். அடுத்த தடவை ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவார். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பதே நல்லது.

உடம்பு: போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே சாப்பிட்டால் கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு. மாலைச் சந்திப்பு இரவு பத்தைத் தாண்டினால் தூக்கம் கெடும்.

ஆழம்: இதில் மாலைதான் மேல். மேனேஜர் பக்கத்து மேஜையில் இருக்கும்போது வீட்டுக் கவலையை யார் வாய்விட்டுச் சொல்வார்?

குழந்தையை அழைக்க ஓட வேண்டியவருக்கும் தூரத்திலிருந்து வருபவருக்கும் மதியமே போதும். ஊருக்குப் புதிதாக வந்து தனியாக அறை எடுத்திருப்பவர் மாதம் ஒரு மாலையையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு நடையும் டீயும் போதும்.