படகுக்குச் சாமான் கட்டத் தெரிந்த கடை

மும்பைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் ஒரு டக் படகில் நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். படகை நடத்தும் சாரங், இன்ஜின் பார்க்கும் டிரைவர், கயிறு பிடிக்கும் கலாசிகள் என்று எட்டுப் பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுவது என் பொறுப்பு. மாட்டுங்கா மார்க்கெட்டில் இருக்கும் இந்த அண்ணாச்சி மளிகைக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். சரக்கு சுத்தம் என்று மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 2020 ஊரடங்கில் இவர்கள் எங்கள் படகுக்குச் சாமான் அனுப்பிய விதத்தை நான் சொல்கிறேன்.

மார்ச் 25ஆம் தேதி ஊர் அடைத்த பிறகும் துறைமுகம் நடந்துகொண்டுதான் இருந்தது. எண்ணெய்க் கப்பல் வந்தால் இழுத்துப் பிடித்துக் கட்ட டக் போய்த்தான் ஆக வேண்டும். எங்களை மட்டும் கரை இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இறங்கினால் மறுபடி ஏற 14 நாள் தனியாக இருக்க வேண்டும். மாற்று ஆள் வருவதற்கு லோக்கல் ரயிலும் இல்லை. வழக்கமாகச் சாமான் போடுகிறவர் ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்போது சாரங் கொடுத்த நம்பர்தான் இந்தக் கடை.

லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அண்ணாச்சியே கூப்பிட்டார். "தம்பி, ஃப்ரிட்ஜ் எம்புட்டுப் பெரிசு? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க ஏத்துறீங்க? மூட்டை கைக்கு வர எவ்வளவு நேரமாகும்?" விலை பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்ட கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேட்டதற்குத் தகுந்த மாதிரி லிஸ்டையே மாற்றினார். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் டேங்கில் இருக்கும் தண்ணீர்தான் என்பதால், கல் இல்லாத, ஒரு தடவை களைந்தால் போதும் என்கிற புழுங்கல் அரிசி, கொட்டை எடுத்த புளி. தண்டுக்கீரையை அடித்துவிட்டார், மண் போக அலசவே ஒரு குடம் தண்ணீர் போய்விடுமாம். பதிலுக்கு முருங்கைக்கீரை. காயில் சேனை, பூசணி, முட்டைக்கோஸ், செங்காயாகத் தக்காளி. தேங்காய் அத்தனையும் குடுமியோடு வந்தது, குடுமியைப் பிய்த்தால் கண் வழியாக அழுக ஆரம்பித்துவிடும் என்று. அரிசி மூட்டைக்குள் வசம்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டிருந்தார். கடல் காற்றில் உப்பு கசிந்துவிடும், அதனால் கல் உப்பு தனியாக இறுக்கமான டப்பாவில்.

மூட்டை டெம்போவில் டாக் கேட் வரை வரும். அங்கிருந்து ஜெட்டிக்கு வந்து, தொற்றுப் பயத்தில் ஒரு நாள் முழுக்க டெக்கில் கிடந்த பிறகுதான் நான் அதைத் தொடலாம். ஏப்ரல் வெயில் வேறு. அந்த மூட்டையிலிருந்து எடுத்த கறிவேப்பிலையை எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஈர்க்கிலிருந்து உருவி, ஈரம் போகத் துடைத்து, நியூஸ்பேப்பரில் சுற்றி, அதை ஒரு டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி ஈரச் சாக்கு. திறந்தால் ஒரு இலைகூடக் கறுக்கவில்லை. அன்றைக்கு வைத்த ரசத்துக்கு, ரசமே தொடாத எங்கள் ரத்னகிரிக்காரக் கலாசி இரண்டாவது தடவை கிண்ணத்தை நீட்டினார்.

ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் அலிபாக் பக்கம் கரையைக் கடந்தது. அதற்கு முன்னால் வந்த மூட்டையில் நான் கேட்காத அவல், வெல்லம், பொரிகடலை இருந்தன. "காத்து வருதாமே, அடுப்புல பாத்திரம் நிக்காதுல்ல" என்றார் அண்ணாச்சி. நிற்கத்தான் இல்லை. அன்று முழுக்க அவலைத்தான் நனைத்துத் தின்றோம்.

எங்கள் வீடு தாராவியில். ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் தொற்று தெரிந்த பிறகு, எங்கள் தெரு முனையில் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். என் மனைவி கடைக்கு ஃபோன் செய்தபோது, கடைப் பையன் அரிசியும் பால் பவுடரும் கொண்டுவந்து அந்த மூங்கிலுக்கு மேல் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். காசு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைகள் பசியாறினார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் படகில் வேலை ஓடியது. இந்த நன்றியை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

குறையும் உண்டு. இல்லாத சரக்குக்குப் பதில் வேறொன்றைச் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் வந்தால் கரையில் இருப்பவர் திருப்பிக் கொடுக்கலாம், படகில் இருப்பவர் என்ன செய்வார்? பில் கையெழுத்தில் வருகிறது, படிக்கக் கஷ்டம். காபித் தூளில் சிக்கரி கை தாராளம்.

படகுக்கு ஆர்டர் செய்கிறவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், ஃப்ரிட்ஜ் எவ்வளவு என்று லிஸ்டின் மேலேயே எழுதிவிடுங்கள். "மாற்று வைப்பதானால் ஃபோன் செய்யவும்" என்றும் போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் அதிகம். காலையில் கூப்பிட்டால் அண்ணாச்சியே எடுப்பார்.